ஸ்மராந்தா தனக்கே கொடுத்த தானம்

தன் கருமாதி விருந்துக்குத் தானே கோழி உரித்துக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை காலையில்தான், ஸ்மராந்தாவின் மகன் ஹோரியா தன் நார்வேக்காரியோடு வாசலில் வந்து இறங்கினான். ஸ்மராந்தாவின் கையெல்லாம் இறகு. முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மூன்று வருடமாக ஃபோனில் உள்ளங்கையளவு பார்த்த முகம் இப்போது கேட்டுக்கு மேலே ஆறடி உயரத்தில் தெரிந்தது. பெயர் தோருன்.

வேலிக்கு அந்தப் பக்கம் வெத்தாவின் தலையும் தெரிந்தது. நுச்சேனி கிராமத்தில் ஒரு கார் நின்றால் பக்கத்து வீட்டு வெத்தாவின் தலை வேலிக்கு மேலே முளைக்கும். வந்தவள் மரியாதை தெரிந்த பெண். தலையைப் பார்த்ததும் கையிலிருந்த பெரிய பூங்கொத்திலிருந்து ஒரு பிடியை உருவி வெத்தாவிடம் நீட்டினாள். மிச்சத்தை ஸ்மராந்தாவின் இறகுக் கைகளில் வைத்தாள்.

ஸ்மராந்தா வாங்கிய கையோடு எண்ணினாள். பன்னிரண்டு. உயிரோடிருக்கிறவர்களுக்கு ஒற்றைப்படையில்தான் பூக் கொடுப்பது, இரட்டைப்படை பிணத்துக்கு. பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. நார்வேயில் பூவை எண்ணுவதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் சத்தமில்லாமல் உருவிக் கோழி இறகுக் குவியலுக்குள் செருகினாள். பதினொன்று. ஆபத்து நீங்கிற்று. வெத்தாவின் கைக்குப் போனது எத்தனை என்று எட்டிப்பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

சமையலறையில் நாத்தனார் ஸம்பிரா உட்கார்ந்து முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஸ்மராந்தாவின் செத்துப்போன புருஷன் பேத்ருவின் மூத்த அக்கா. ஊரில் எந்தச் சாவுக்கு எத்தனை மெழுகுவத்தி, எந்த ரொட்டியை யார் கையில் கொடுப்பது என்பதெல்லாம் அவள் வாயில்தான் இருந்தது. உள்ளே வந்த பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள்.

"லட்சணமாத்தான் இருக்கா. பால்ல குளிச்ச மாதிரி," என்றவள், சொன்ன வாயோடு கண் பட்டுவிடாமல் இருக்க அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலாக "த்தூ, த்தூ, த்தூ" என்று மூன்று தரம் துப்பினாள்.

தோருன் பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டாள். ஹோரியா அவசர அவசரமாக அவள் காதில் விளக்கினான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஸம்பிராவை உற்றுப் பார்த்து, தானும் முறையாக மூன்று தரம் துப்பினாள். ஸம்பிரா சிரித்த சிரிப்பில் இலைச் சுருள் ஒன்று பிரிந்துபோயிற்று. "இவ தேறிடுவா," என்றாள். "ஆனா இவளை என்னன்னு கூப்பிடறது? இன்னும் சர்ச்சுல கிரீடம் வச்சுக் கல்யாணம் ஆகல. கடையில கேக்கறாங்க, உன் தம்பி மகனோட அந்தப் பொண்ணு எப்படியிருக்கான்னு. அந்தப் பொண்ணாம்."

"வருவோம் அத்தை, அதுக்கும் வருவோம்," என்றான் ஹோரியா. மூன்று வருடமாக அவன் சொல்லிக்கொண்டிருந்த பதில் அதுதான்.

கடையில் ஸ்மராந்தாவிடமும் அப்படித்தான் கேட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு பேர் வைக்க அவள் நாக்கு மூன்று வருடமாகத் தவித்துக்கொண்டிருந்தது. இப்போது அந்தப் பெண் ஷூவைக் கழற்றிவிட்டு வெறும் தரையில் நடந்ததைப் பார்த்து, குளிர் வயிற்றில் ஏறினால் பிள்ளை தங்காதே என்று பதறி, தன் கம்பளிக் காலுறையைக் கொண்டுவந்து அவள் காலில் மாட்டிவிட்டாள். காலுறை பாதத்துக்கு மட்டும்தான் எட்டியது.

பின்கட்டு அறைக் கதவு திறந்திருந்தது. தோருன் அங்கே நின்றுவிட்டாள்.

உள்ளே புதுக் கட்டில் ஒன்று. மெத்தை, தலையணை, கோர்த்துத் தைத்த போர்வை. சின்ன மேஜை, ஒரு நாற்காலி. தட்டு, கரண்டி, கோப்பை, எல்லாம் ஒவ்வொன்று. வாளி, துண்டு, சோப்பு, சீப்பு, கைக்கண்ணாடி, விளக்கு. நாற்காலியில் மடித்த பாவாடை, ரவிக்கை, பூப்போட்ட தலைக்குட்டை. கட்டிலுக்கடியில் பளபளவென்று ஒரு ஜோடி கறுப்பு ஷூ. யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள் தோருன்.

ஹோரியாவின் காது சிவந்தது. "கல்யாணம் இல்ல. இதெல்லாம் அம்மாவுக்கு. செத்த பிறகு."

இந்த ஊரில் செத்தவர்களுக்காகத் தானம் கொடுப்பார்கள். பிள்ளைகள் கொடுப்பார்கள், பெண்டாட்டி கொடுப்பாள். பிள்ளை கொடுப்பானா என்று சந்தேகம் இருப்பவர்கள் உயிரோடிருக்கும்போதே தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொள்வார்கள். வாங்கிக்கொள்கிறவள் அந்த உடுப்பை உடுத்தி, அந்த ஷூவைப் போட்டு, அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, அந்தத் தட்டில் சாப்பிட வேண்டும். இங்கே அவள் சாப்பிட்டது அங்கே கொடுத்தவள் பேரில் போய்ச் சேரும். ஒரே நிபந்தனை, வாங்குகிறவள் வெளி ஆளாக இருக்க வேண்டும். சொந்த வீட்டுக்குள்ளேயே இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாறுவது தானம் ஆகாது.

ஸ்மராந்தாவுக்கு இதில் சந்தேகம் கிடையாது. அவள் ஒன்றும் அடுத்தவர் சொன்னதை அப்படியே நம்புகிறவள் அல்ல. பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டை ஓட்டிப் பிழைத்தவள். மழையிலும் பனியிலும் அந்த இரும்பு மேடையில் நின்று, பெல்ட்டின் இரைச்சலில் பாதிக் காதைப் பறிகொடுத்தவள். அதனால் ரகசியம் பேசினாலும் அவள் குரல் தெருக்கோடிக்குக் கேட்கும். ஆனால் அவளுடைய பேத்ரு ஸ்பெயினுக்குத் தக்காளி பறிக்கப் போய், அங்கேயே நெஞ்சு வலித்துச் செத்து, ஆணியடித்த பெட்டியில் வந்தான். திறந்து பார்க்க விடவில்லை. கொஞ்ச நாளில் கனவில் வந்தான். உறைபனியில் வெறுங்காலோடு நின்றான். "இங்க முள்ளு ஜாஸ்தி ஸ்மராந்தா," என்றான். அவள் மறுநாளே ஒரு ஜோடி ஷூ வாங்கி, மெழுகுவத்தி ஏற்றி, ரோடு போட வந்த ஒருவனுக்குக் கொடுத்தாள். அதற்குப் பிறகு பேத்ரு கனவில் வரவில்லை.

ஹோரியா இந்தக் கதையைக் கேட்டுச் சிரிப்பான். போன ஈஸ்டருக்கு ஃபோனில், செத்தால் எரித்துச் சாம்பலைக் கடலில் விட்டால் போதும், எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று பேச்சுவாக்கில் சொன்னான். ஸ்மராந்தா ஃபோனை வைத்துவிட்டு வெகுநேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பிறகு எனக்கென்று ஒரு கரண்டி எடுத்து வைக்க ஆளில்லை என்பது அன்றைக்கு விளங்கிற்று. கட்டில் செய்யச் சொன்னது அடுத்த வாரம்.

வாங்கிக்கொள்ள வெத்தாவைத்தான் கேட்டிருந்தாள். வெத்தாவுக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒரே உடம்பு, ஒரே பாதம். சண்டை போட்டாலும் ஒரே வேலிதான்.

தோருன் அறைக்குள் போய் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். கோயிலுக்குள் நடக்கிறவள் மாதிரி மெதுவாக நடந்தாள். கைக்கண்ணாடியை எடுத்து, தான் கற்றுக்கொண்டு வந்திருந்த கொஞ்சூண்டு பேச்சில் கேட்டாள். "அங்க... கண்ணாடியா?"

"பின்ன? தலை சீவாம போய் ஹோரியாவோட அப்பா முன்னாடி நிக்கவா?" என்றாள் ஸ்மராந்தா.

தோருன் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் கை வைத்துக்கொண்டு தன் மொழியில் எதையோ மெல்லச் சொன்னாள். ஹோரியாவின் முகம் மாறியது.

"என்னடா சொல்றா?"

"அவங்க அம்மா செத்தப்ப எல்லாத்தையும் ஒரே நாள்ல மூட்டை கட்டி வெளிய போட்டாங்களாம். சாயங்காலத்துக்குள்ள வீடு காலி. அதுக்கப்புறம் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கலயாம். அம்மா எங்க போனா, என்ன சாப்பிடுறா, குளிருதான்னு நினைக்கக்கூட இவளுக்குத் தோணலயாம்." அவன் தோருனைத் திரும்பிப் பார்த்தான். "எங்கிட்ட இதைச் சொன்னதே இல்லம்மா."

மத்தியானம் ஸ்மராந்தா அவளைக் கல்லறைக்குக் கூட்டிப்போனாள். பேத்ருவின் சிலுவைக்குப் பக்கத்தில் இன்னொரு சிலுவை நின்றது. அதில் ஸ்மராந்தாவின் பெயரும் பிறந்த வருடமும் வெட்டியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு கோடு. கோட்டுக்குப் பிறகு வெறும் கல். ஸ்மராந்தா ஏப்ரன் நுனியால் தன் பெயரின் மேலிருந்த பறவை எச்சத்தைத் துடைத்தாள். மண்ணைக் கிளறிச் செவ்வந்தி நாற்றைச் சரிசெய்தாள்.

"பயமா... இல்லையா?" என்றாள் தோருன்.

"எதுக்கு பயம்? வீடு எதுன்னு தெரிஞ்சா போற வழியில தடுமாற வேண்டாம்."

அவள் சொன்னது முக்கால் உண்மை. சாவுக்கு அவள் பயப்படவில்லை. முள்ளுக்குத்தான் பயந்தாள். பேத்ருவின் அந்தக் கால்களை அவள் மறந்ததே இல்லை. கட்டில் போய்ச் சேராவிட்டால் தரையில் படுத்துக்கொள்ளலாம். ஷூ இல்லாமல் எத்தனை தூரம் நடப்பது, யாரைக் கேட்பது? மகன் கனவைக் கேட்டுச் சிரிக்கிறவன். அவன் கனவில் போய் நின்று என்ன புண்ணியம்?

திரும்பி வரும்போது கேட்டருகே ஸம்பிரா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வெத்தா வரமாட்டாளாம்."

"ஏன் அண்ணி?"

"இவ கொடுத்த பூ நாலாம்."

ஸ்மராந்தா வீட்டுக்குள் ஓடினாள். பூக்குவளையிலிருந்து இரண்டு பூவை உருவினாள். குவளையில் இருப்பது ஒன்பதாக நிற்கட்டும் என்று. ஒன்றை ஏப்ரனில் போட்டுக்கொண்டு, மற்றதோடு வேலிக்கு ஓடினாள்.

"இந்தா வெத்தா, இதையும் வச்சுக்கோ. அஞ்சாயிடும்."

"விழுந்த இடிய மேகம் திரும்ப வாங்கிக்குமாடி?" வெத்தா கோழிக்கூண்டுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. "நாலுன்னு எண்ணிட்டேன்."

"அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்? அவ ஊர்ல எண்ண மாட்டாங்க."

"தெரியாம கொடுத்தா விஷம் கொல்லாதா? நாலு பூவையும் வாங்கிட்டு, உன் சாவு ஷூவையும் மாட்டிட்டு, பாதிரியார் முன்னாடி கட்டில்ல போய் உக்காந்தா, சாவு உன்னையா தூக்கிட்டுப் போகும்? என்னைத்தான் தூக்கும். என் பன்னி இன்னும் குட்டி போடலடி. என்னை விட்டுடு."

இதற்கு மேல் அவளைக் கெஞ்ச முடியாது. வேறு யாரையாவது கேட்கலாம் என்றால், ஒருத்தி வேண்டாம் என்றதை இன்னொருத்தி தொடமாட்டாள். ஸம்பிரா பேத்ருவின் ரத்தம். அவள் வாங்கினால் செல்லாது. தள்ளிப்போடலாம் என்றால் மாவு பிசைந்தாயிற்று, சூப் கொதித்தாயிற்று, பாதிரியார் மூன்று ஊர் தாண்டி வருகிறார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தோருன் ஹோரியாவின் சட்டையைப் பிடித்து என்ன, என்ன என்று கேட்டாள். அவன் மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டான். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலையில் வால்நட் மரத்தடியில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார்கள். ஸ்மராந்தாவே போர்வையை விரித்தாள், விளக்கை மேஜையில் வைத்தாள், வாளியில் தண்ணீர் நிரப்பினாள். கடைசியாக ஷூவைக் கட்டிலுக்கு முன்னால், விரல் பக்கம் வெளியே பார்க்க வைத்தாள். பிறகு நான்கு அடி தள்ளி நின்று பார்த்தாள். சுவர் இல்லாத ஒரு வீடு அங்கே புல்லில் நின்றது. ஒருத்தி எழுந்து முகம் கழுவ, தலை சீவ, உண்ண, உறங்க வேண்டியதெல்லாம் இருந்தது. அந்த ஒருத்தி மட்டும் இல்லை. மனுஷிக்கு இவ்வளவுதான் வேண்டும், இது போதும் என்பது அத்தனை வருட உழைப்பில் ஒரு நாளும் அவள் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. இலைகளுக்கு நடுவே விழுந்த வெயில் அந்த வெற்றுத் தலையணையில் அசைந்தது.

ஊர் வந்து பெஞ்சுகளில் உட்கார்ந்தது. பாதிரியார் வந்து சாம்பிராணி போட்டு, பாடி, பேத்ருவின் பெயரைச் செத்தவர்களோடும் ஸ்மராந்தாவின் பெயரை உயிரோடிருப்பவர்களோடும் சேர்த்துச் சொன்னார். வளைய ரொட்டிகளில் குத்திய மெழுகுவத்திகள் எரிந்தன. பாட்டு முடிந்தது.

"யாரும்மா வாங்கிக்கிறது?" என்றார் பாதிரியார்.

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் பாதங்களைப் பார்த்தார்கள். குழந்தை ஒன்று இருமியது. வெளியே எடுத்து வைத்த கட்டில் திரும்பி வீட்டுக்குள் போனால் பின்னாலேயே பிணம் வரும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஸ்மராந்தா ஏப்ரனை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"நான்," என்றாள் தோருன். முன்னால் வந்து நின்றாள். "நான் பண்ணின தப்பு. நான் போட்டுக்கறேன்." எவ்வளவு நேரம் உட்கார்ந்து அதை மனப்பாடம் செய்தாளோ.

"இவ மருமகளாச்சே. வீட்டு ஆளு," என்று பின்பெஞ்சில் ஒரு குரல் எழுந்தது.

ஸம்பிரா விறுக்கென்று எழுந்தாள். "யாரு மருமக? கிரீடம் வச்சாங்களா? மோதிரம் மாத்தினாங்களா? சட்டப்படி வெளியாளு. வெளியாள்னா செல்லும்." தம்பி பெண்டாட்டியைக் காப்பாற்ற வழி கிடைத்த சந்தோஷம் அவள் குரலில் தெரிந்தது. "சாமி, நீங்களே சொல்லுங்க."

பாதிரியார் தாடியைத் தடவினார். "நான் எதுக்குச் சொல்லணும்? வீடு அவங்களோடது. ஸ்மராந்தாம்மா, இந்தப் பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணா, வெளிப் பொண்ணா? நீங்க சொல்றதுதான்."

ஒரே ஒரு வார்த்தை. வெளி. அதைச் சொன்னால் கட்டில் போய்ச் சேரும், விளக்கு போய்ச் சேரும், கறுப்பு ஷூ போய்ச் சேரும். ஹோரியா கண்ணால் கெஞ்சினான்: சொல்லும்மா, சும்மா ஒரு வார்த்தைதானே. அவள் வாயைத் திறந்தாள். முன்னால் அந்தப் பெண் நின்றிருந்தாள். தாய் வீட்டைச் சாயங்காலத்துக்குள் காலி செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவள், காலில் நேற்று மாட்டிவிட்ட அதே அரைக் காலுறையோடு நின்றிருந்தாள். ஊர் முன்னால், பாதிரியார் முன்னால், எரிகிற மெழுகுவத்தி முன்னால், இவள் எனக்கு யாரோ என்று சொல்ல வேண்டும்.

"என் வீட்டுப் பொண்ணு சாமி," என்றாள் ஸ்மராந்தா. "என் மருமக."

சுரங்கத்துக் குரல். மேட்டுத் தெருவரை கேட்டிருக்கும்.

"பைத்தியக்காரி," என்று முணுமுணுத்தாள் ஸம்பிரா. "அப்ப செல்லாதுடி. தெரியுதா? வெறுங்காலோட போவியா?"

"போறேன். பனியில நின்னு பழகின காலுதான்." அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

தோருனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹோரியாவைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டுச் சிரிக்கிறவன், வாயைத் திறந்து மூடினான். பிறகு விட்டு விட்டு மொழிபெயர்த்தான். அவள் கேட்டாள். கேட்டு முடித்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது வேலி முறிகிற சத்தம் கேட்டது.

கோழி நுழைகிற சந்தில் வெத்தா வந்துகொண்டிருந்தாள். பாதி உடம்பு இந்தப் பக்கம், பாவாடை அந்தப் பக்கம். இழுத்ததில் பாவாடை கிழிந்தது. யாரையும் பார்க்காமல் நேராக மரத்தடிக்கு வந்தாள்.

"தள்ளுங்கடி." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இவ வெறுங்காலோட முள்ளுல போவாளாம். நான் நாலு பூவுக்குப் பயந்துட்டுக் கோழிப் பீயில உக்காந்திருக்கணுமாம். நாளைக்கு அங்க இவளைப் பாத்தா என் மூஞ்சிய எங்க வச்சுக்குவேன்? எங்க அந்த ஷூ?"

"வெத்தா, பயமிருந்தா வேண்டாம்," என்றாள் ஸ்மராந்தா.

"பயந்தான். வாய மூடு. பாவாடையக் குடு."

கட்டியிருந்ததற்கு மேலேயே புதுப் பாவாடையைக் கட்டிக்கொண்டாள். பூப்போட்ட குட்டையைத் தலையில் முடிந்தாள். ஷூவை ஸம்பிரா குனிந்து மாட்டிவிட்டாள். பாதிரியார் மெழுகுவத்தியை நீட்டினார். வெத்தா வாங்கிக்கொண்டு, "கடவுள் ஏத்துக்கட்டும்," என்று சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்தாள். யாரும் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, தட்டைப் பக்கத்தில் இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். வெத்தா சாப்பிட உட்கார்ந்தால் சாப்பிடுகிறவள். சூப் போயிற்று. இலைச் சுருள் ஆறு போயிற்று. வாளியிலிருந்து மொண்டு தண்ணீர் குடித்தாள்.

ஸ்மராந்தா பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த முதுகு அவளுடைய முதுகு. அந்தக் குட்டைக்குக் கீழே பிதுங்குகிற பின்கழுத்து அவளுடையது. அங்கே, அந்தப் பக்கத்தில், வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டு, காலில் ஷூவோடு உட்கார்ந்திருப்பவளை இங்கிருந்து உயிரோடு பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது. கண்ணிலிருந்து வழிந்ததை அவள் துடைக்கவில்லை.

தோளில் ஒரு கை பட்டது. தோருன். காலையிலிருந்து ஸ்மராந்தா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பதை அவள் ஒருத்திதான் கவனித்திருந்தாள். கையில் சூப் கிண்ணம், மறு கையில் கரண்டி. ஆறடி உயரத்திலிருந்து குனிந்து, ஊதி, கரண்டியை நீட்டினாள்.

"சாப்பிடுங்கம்மா."

மரத்தடியில், வெத்தாவின் வாயில், ஸ்மராந்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இங்கேயும் வாயைத் திறந்தாள்.